மலையின் ருசி – 7: வற்ற வற்ற…

அமெரிக்காவின் கென்டக்கிக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஊர் ஊராக வடிசாலை பார்க்கிறார்கள். குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் சேர்த்துக் காய்ச்சி, உள்பக்கம் கரியச் சுட்ட புது ஓக் பீப்பாயில் ஊறவைத்த சரக்குதான் போர்பன். பீப்பாயில் இருப்பது வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாகிப் போகும். அந்த நஷ்டத்துக்கு ‘தேவதைகளின் பங்கு’ என்று பேர் வைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள்.

பழனி மலைக்கு அந்த ஆசையில் யாரும் வரவேண்டாம். ஆனால் வெயிலும் புகையும் பங்கு கேட்கும் சரக்குகள் இங்கேயும் உண்டு.

வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடிப் பக்கம் ஏறினால் முதலில் காபி. பறித்த பழத்தைத் தோல் நீக்கி, ஊறவிட்டு வழவழப்புப் போகக் கழுவி, களத்தில் பரப்புகிறார்கள். நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவுக்கு ஈரம் இறங்கும்வரை துழாவிக்கொண்டே இருக்கவேண்டும். நடுவில் ஒரு தூறல் விழுந்தாலும் ஓடிப்போய் மூடவேண்டும், விட்டால் பூஞ்சை.

அந்தக் காபிச் செடிக்கு நிழல் தந்து நிற்பது மலைவாழை. அடிவாரத்து ஊரான விருப்பாட்சியின் பேர் அதற்கு. மழையை நம்பி வளரும் பழம். தோல் சுருங்கினாலும் சதை சீக்கிரம் கெடாது, நீர்ச்சத்து குறைவு. பழனிப் பஞ்சாமிர்தத்தின் ரகசியம் இதுதான். நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய் சேர்த்துப் பிசையும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதில்லை. கெடாமலிருக்க மருந்தும் கலப்பதில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்றபோது, தமிழகத்தில் அந்தப் பெருமை கிடைத்த முதல் கோயில் பிரசாதம் இது.

ஆனால் வாழையே இந்த மலையைவிட்டுப் போகப் பார்த்தது. 1970களில் முடிக்கொத்து நோய் தோட்டம் தோட்டமாகத் தின்றது. அந்த நஷ்டத்தை எந்தத் தேவதையின் கணக்கிலும் எழுத முடியாது. திசு வளர்ப்புக் கன்றுகளை வைத்துத்தான் அதை மெல்ல மீட்டெடுக்க வேண்டியிருந்தது.

கொடைக்கானலைத் தாண்டி, படிப்படியாக இறங்கும் வயல்களுக்கு மேலே பூம்பாறை. மலைப்பூண்டின் ஊர், அதற்கும் 2019இல்தான் குறியீடு. தாளோடு கொத்தாகக் கட்டி, புகை மூட்டிய அறையில் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. தெருவோரம் விற்றுக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன்.

“பச்சையா வேணுமாண்ணே, பொக போட்டதா?”

“பொக போட்டது.”

“அது வெல கூட.”

“ஏங்க்கா?”

“காஞ்சா எட கொறையுதுல்ல? அத ஆரு குடுப்பா?”

தேவதைகளின் பங்குக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

(இன்னும் ஏறுவோம்)