பிரஷர் நார்மல், நரம்பு தேய்கிறது

நாகர்கோவில், தக்கலை, குலசேகரம் பக்கம், பார்வை நரம்பைத் தேய்க்கும் கிளாக்கோமா என்றால் பலருக்குப் புரியாது. ‘கண்ணுல பிரஷர்’ என்றால் உடனே புரியும். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும், பஸ் ஏறித் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போனாலும் அந்த பிரஷரைத்தான் அளப்பார்கள். கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, கருவியில் தாடையை வைக்கச் சொல்வார்கள். நீல வெளிச்சத்தோடு சிறு முனை ஒன்று கருவிழியைத் தொட்டு விலகும். 10 முதல் 21 வரை இருந்தால் நார்மல் என்பது பொதுவான கணக்கு.

அந்தக் கணக்குக்குள் இருந்தும் நோய் வந்தவர்கள் நிறைய. சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை கிளாக்கோமா ஆய்வில், திறந்த கோண கிளாக்கோமா என்ற வகை இருந்த பெரும்பாலோருக்குக் கண்ணழுத்தம் இயல்பாகவே இருந்தது. தென் தமிழகத்தின் மூன்று மாவட்டங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை எடுத்த கணக்கெடுப்பு 2003-இல் வெளியானது. அதில் இதே நோய் இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு, பரிசோதித்துச் சொல்லும்வரை அது தெரியவே தெரியாது.

அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு ஏன் தேய்கிறது?

பார்வை நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள். ஒவ்வொன்றும் விழித்திரையில் இருக்கும் ஒரு நரம்பு செல்லின் வால். பிறக்கும்போது கிடைத்த செல்தான் எழுபது வயதிலும் வேலை செய்ய வேண்டும். செத்தால் மாற்று கிடையாது. இத்தனை வருஷத்தில் சேரும் பழுதான புரதங்களையும் மைட்டோகாண்ட்ரியாக்களையும் செல் தானே செரித்து, மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது. இதற்குப் பெயர் ஆட்டோஃபேஜி. ஈஸ்டில் இதை இயக்கும் மரபணுக்களைக் கண்டறிந்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கண்ணோடு இதை இணைத்தது ஆப்டிநியூரின் என்ற புரதம். அழுத்தம் கூடாமலே கிளாக்கோமா வந்த குடும்பங்களில் இதன் மரபணு பழுதாகியிருப்பது 2002-இல் தெரிந்தது. செல்லுக்குள் அகற்ற வேண்டியவற்றை அடையாளம் கண்டு ஒப்படைப்பது இதன் வேலைகளில் ஒன்று என்பது பின்னர் புலப்பட்டது. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தில் கன்ஷியாம் ஸ்வரூப் குழு இதன் இரண்டு மாற்றங்களை விழித்திரைச் செல்களில் சோதித்தது. இ50கே என்ற மாற்றம் ஆட்டோஃபேஜியை அடைத்துவிடுகிறது. எம்98கே என்ற மாற்றமோ அதை அளவு மீற வைக்கிறது. செல்லுக்கு இரும்புச்சத்தை ஏற்றும் புரதமும் அதில் சேர்ந்தே அழிகிறது. இரண்டிலும் செல் சாகிறது. நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இது புரியும்: குளத்தைத் தூர்வாராவிட்டாலும் கெடுதல், கரையோடு சேர்த்து வாரினாலும் கெடுதல்.

வயதாக ஆக இந்தத் துப்புரவு மந்தமாகிறது. சில செல்கள் சாகாமலே முதுமையில் முடங்கி, பக்கத்துச் செல்களுக்கும் அழற்சியைப் பரப்புகின்றன. எலிகளில் இவற்றை முன்கூட்டியே அகற்றியபோது நரம்பு செல்கள் பிழைத்தன. வைட்டமின் பி3 எலிகளின் கண்ணைக் காத்ததாக 2017-இல் வெளியான ஆய்வைத் தொடர்ந்து, பல நாடுகளில் மனிதர்களிடமும் சோதனை நடக்கிறது.

இவை எதுவும் இன்னும் டாக்டர் சீட்டுக்கு வரவில்லை. நார்மல் பிரஷர்காரர்களுக்கும் இப்போதைக்குக் கைகொடுப்பது பிரஷரை இன்னும் குறைப்பதுதான். 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அழுத்தத்தை 30 சதவீதம் குறைத்த கண்களில் 12 சதவீதமும், சிகிச்சை தராத கண்களில் 35 சதவீதமும் மேலும் பாதிப்படைந்தன. நாற்பது தாண்டியவர்கள், அதிலும் பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கிளாக்கோமா உள்ளவர்கள், பிரஷரோடு நின்றுவிடாமல் நரம்பையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். கண் பாப்பா விரியச் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் சோதனை அது. முடிந்து சில மணி நேரம் கண் கூசும் என்பதால், துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது.