மெருகு கூடினால் படம் விலை போகாது!

'நாம் எடுத்த போட்டோக்களை இன்டர்நெட்டில் விற்றுக் காசு பார்க்கலாமாமே, உண்மையா?' புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. உண்மைதான். ஆனால் நான் முதன்முதலில் அனுப்பிய பத்துப் படங்களில் பத்தும் திரும்பி வந்தன. அந்தக் கதையைச் சொன்னால் உங்களுக்கு வேலை மிச்சம்.

மரக்காணம் உப்பளத்தில் ஒரு காலை எடுத்த படம் அது. உப்பைக் குவியலாக வாரிக் கொண்டிருக்கும் ஒரு பெண்மணி, பின்னால் மங்கலான வானம். வீட்டுக்கு வந்ததும் படத்தை எடிட்டிங் சாப்ட்வேரில் திறந்து என் கைவரிசையைக் காட்டினேன். 'சாச்சுரேஷன்' ஸ்லைடரைக் கடைசிவரை இழுத்தேன். கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினேன், ஷார்ப்பன் கட்டளையை இரண்டு முறை கொடுத்தேன். சாம்பல் வானத்தை வெட்டி எறிந்துவிட்டு, எங்கிருந்தோ டவுன்லோட் செய்த ஆரஞ்சு வானத்தை ஒட்டினேன். அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். ஏஜென்சி மட்டும் பாராட்டவில்லை. 'நாய்ஸ் அதிகம், அளவுக்கு மீறி எடிட் செய்யப்பட்டுள்ளது, மாடல் ரிலீஸ் இல்லை' என்று மூன்று காரணங்கள் எழுதி வந்தன.

சரி, அசல் படத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்போம் என்று தேடினால், அசல் இல்லை! எடிட் செய்ததை அதே பெயரில் சேவ் செய்திருக்கிறேன். கேமரா கார்டையும் பார்மட் செய்தாயிற்று. சாப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குபவன் செய்கிற காரியமா இது?

வாங்குபவர் யார்?

ஸ்டாக் ஏஜென்சி என்பது படங்களின் மொத்த வியாபாரக் கடை. கனடாவின் கால்கரி நகரில் 2000-ல் ஐஸ்டாக்போட்டோ தொடங்கியது. 2003-ல் நியூயார்க்கில் ஷட்டர்ஸ்டாக் வந்தது. போட்டோலியா என்ற நிறுவனத்தை அடோபி விலைக்கு வாங்கி 2015-ல் அடோபி ஸ்டாக் என்று ஆரம்பித்தது. விளம்பர நிறுவனங்களும், பத்திரிகைகளும், வெப்சைட் வடிவமைப்பவர்களும்தான் இங்கே வாடிக்கையாளர்கள்.

இவர்கள் உங்கள் படத்தைப் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டப் போவதில்லை. அதன் மேல் எழுத்து வைப்பார்கள், பாதியை வெட்டுவார்கள், தங்கள் விளம்பரத்தின் நிறத்துக்கு மாற்றுவார்கள். சாதாரணப் படத்தை ஆரஞ்சாக மாற்ற அவர்களுக்கு இரண்டு நிமிடம் போதும். நீங்கள் ஆரஞ்சாக்கிக் கொடுத்ததைச் சாதாரணமாக்க அவர்களாலும் முடியாது. சமையலில் உப்பைப் போடலாம், எடுக்க முடியுமா?

எடிட் செய்யும்போது என்ன கெடுகிறது?

இதைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம். ஜேபெக் பைலில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள் உண்டு. மங்கலான ஒரு படம் 60 முதல் 180 வரையுள்ள 121 படிகளை மட்டும் பயன்படுத்துகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். 'லெவல்ஸ்' கட்டளை கொடுத்து இதை 0 முதல் 255 வரை இழுத்தால் புதிய படிகள் முளைத்துவிடாது. அதே 121 படிகள்தான் இடைவெளி விட்டு நிற்கும். ஹிஸ்டோகிராம் வரைபடம் பல் விழுந்த சீப்பு போலத் தெரியும். வானம் போன்ற பரந்த பகுதியில் இந்த இடைவெளிகள் பட்டை பட்டையாகக் கண்ணில் படும். இதைத்தான் 'பேண்டிங்' என்கிறார்கள்.

ஷார்ப்பன் என்ன செய்கிறது? ஓரங்களில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டுகிறது. அளவு மீறினால் மலை ஓரத்திலும் தலைமுடியைச் சுற்றியும் வெள்ளைக் கோடு விழும். நிழலிலிருந்த நாய்ஸ் புள்ளிகளும் சேர்ந்தே கூர்மையாகும். போதாதென்று, ஜேபெக் பைலைத் திறந்து மாற்றிச் சேவ் செய்யும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுருக்கப்பட்டுத் தரம் கொஞ்சம் குறைகிறது.

'என் மானிட்டரில் நன்றாகத்தானே தெரிகிறது?' என்பீர்கள். 12 மெகா பிக்ஸல் படத்தை 1920 x 1080 மானிட்டரில் முழுதாகப் பார்க்கும்போது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு பிக்ஸல்கள்தான் உங்களுக்குக் காட்டப்படுகின்றன. குறைகள் அதில் மறைந்துவிடும். ஸூம் அளவை 100 சதவீதமாக வைத்து மூலை மூலையாக நகர்த்திப் பாருங்கள். முதல் முறை பார்க்கும்போது மனசு கஷ்டப்படும், பரவாயில்லை.

எவ்வளவு எடிட் செய்யலாம்?

வெளிச்சத்தைச் சரி செய்யுங்கள். சாய்ந்த அடிவானத்தை நேராக்குங்கள். சென்சாரில் படிந்த தூசிப் புள்ளிகளை நீக்குங்கள். கம்பெனி லோகோ தெரிந்தால் அழியுங்கள், ஆனால் அழித்த தடம் தெரியக் கூடாது. நிறத்தில் அவசியமான திருத்தம் மட்டும் போதும். கேமராவில் 'ரா' வசதி இருந்தால் அதிலேயே எடுங்கள். பெரும்பாலான கேமராக்கள் 12 அல்லது 14 பிட் தகவலைப் பதிவதால் 4096 படிகளோ 16384 படிகளோ கிடைக்கும். இழுத்தாலும் எளிதில் கிழியாது.

சாப்ட்வேருக்குச் செலவு செய்ய வேண்டாம். 'கிம்ப்' இலவசம். இதன் 2012-ல் வந்த 2.8 பதிப்பிலிருந்து 'சேவ்' கொடுத்தால் எக்ஸ்சிஎப் பைலாகத்தான் பதியும். ஜேபெக் வேண்டுமென்றால் தனியாக 'எக்ஸ்போர்ட்' கொடுக்க வேண்டும். தொல்லை என்று பலர் திட்டினார்கள். என்னைக் கேட்டால், அந்தத் தொல்லை அன்று எனக்கு இருந்திருந்தால் உப்பளப் படம் பிழைத்திருக்கும். எதற்கும் அசல் படங்களைத் தனி போல்டரில் காப்பி செய்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

வானத்தை மாற்றுவது தனிப் பிரச்சினை. அந்த வானம் வேறொருவர் எடுத்தது என்றால் படம் முழுவதும் உங்களுடையது என்று நீங்கள் சொல்லிக்கொள்ள முடியாது. செய்திப் பயன்பாட்டுக்கான 'எடிட்டோரியல்' பிரிவு என்றால் ஒரு பொருளைக்கூடச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. மனித உடல் விஷயத்திலும் கவனம் தேவை. மாடல்களின் உடலை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றிய விளம்பரப் படங்களில் 'திருத்தப்பட்ட படம்' என்று அறிவிக்க வேண்டும் என 2017 அக்டோபர் 1 முதல் பிரான்ஸ் சட்டம் கொண்டுவந்தது. மீறினால் 37,500 யூரோ அபராதம். அதே நாளிலிருந்து கெட்டி இமேஜஸ் அப்படிப்பட்ட படங்களை வாங்குவதில்லை என்று அறிவித்தது. முகப்பருவை மறைப்பதற்கும் முடியின் நிறத்தை மாற்றுவதற்கும் தடை இல்லை.

ஏஐ கொண்டு உருவாக்கிய படங்களை ஷட்டர்ஸ்டாக் நம்மிடமிருந்து ஏற்பதில்லை. அடோபி ஸ்டாக் ஏற்கிறது, ஆனால் ஏஐ படம் என்று குறிப்பிட்டாக வேண்டும்.

வருமானம் எப்படி?

பெரிய கனவு வேண்டாம். அடோபி ஸ்டாக் போட்டோவுக்கு 33 சதவீதம் தருகிறது. ஷட்டர்ஸ்டாக்கில் 15 முதல் 40 சதவீதம் வரை படிநிலைகள் உண்டு. ஜனவரி பிறந்தால் மறுபடி அடிமட்டத்திலிருந்து ஆரம்பம். ஒரு டவுன்லோடுக்கு 10 சென்ட் மட்டும் கிடைப்பதும் உண்டு. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்ட ஒரு நண்பரை நான் தடுத்தேன். இரண்டு நிறுவனங்களுமே குறைந்தது 4 மெகா பிக்ஸல் கேட்கின்றன, எனவே வெட்டும்போது அளவைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவது முறை நான் அனுப்பியது ஒரு கொத்தமல்லிக் கட்டு. ஜன்னல் ஓரத்தில் வெள்ளைச் சார்ட் அட்டை மேல் வைத்து எடுத்தேன். வெளிச்சத்தை மட்டும் சிறிது கூட்டினேன். அம்மா, 'இதையா அனுப்பப் போகிறாய்?' என்று சிரித்தார். மூன்றாம் நாள் ஏற்றுக் கொண்டார்கள். இதுவரை அதிகம் விற்ற என் படம் அதுதான்.

அதன் பிறகு மரக்காணத்துக்கும் ஒரு முறை போனேன், அச்சடித்த ரிலீஸ் படிவத்துடன். அந்தப் பெண்மணி அன்று வேலைக்கு வரவில்லை. வேறு ஒருவரிடம் படிவத்தைப் படித்துக் காட்டி, படம் எங்கெங்கு வரலாம் என்று சொல்லி, கையெழுத்து வாங்கி எடுத்தேன். வானம் அன்றும் சாம்பல்தான். அப்படியே அனுப்பியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.