அரக்க வேடமும் அற நெஞ்சும்
ஜேர்மன் நடிகர் கொன்ராட் வைட்டின் கலை வாழ்வு

நடிகனுக்கு முகம் ஒன்று; மனம் மற்றொன்று. மேடையிலே கொடுங்கோலனாய் நின்று நம் நெஞ்சை நடுங்கச் செய்பவன், ஒப்பனையைக் கலைத்ததும் நம்மைப் போன்ற சாதாரண மனிதனாகி வீடு திரும்புகிறான். இதனை நன்கு அறிந்திருந்தும், கெட்டவனாக நடிப்பவனைக் கெட்டவன் என்றே எண்ணிவிடுவது உலக வழக்கமாய்ப் போயிற்று. இவ்வழக்கம் எத்துணை பிழையானது என்பதற்கு, ஜேர்மனி தந்த பெரும் நடிகருள் ஒருவரான கொன்ராட் வைட் என்பாரின் வாழ்க்கை சிறந்ததொரு சான்று. திரையிலே அவர் ஏற்றவை பெரும்பாலும் அச்சந்தரும் வேடங்கள். வாழ்விலே அவர் நடந்ததோ நேர்வழி.

வைட் 1893ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 22ஆந் திகதி பேர்லின் நகரிலே பிறந்தார். பள்ளிப் படிப்பிலே அவர் விளங்கினாரல்லர். வைத்தியராக வேண்டுமென்று இளமையிற் கொண்ட ஆசையும் அதனால் ஈடேறாது போயிற்று. ஆனால், நாடகத்தின்மீது கொண்ட மோகம் மட்டும் நாளுக்கு நாள் வளர்ந்தது. அக்காலத்திலே பேர்லினில் ‘டொயிச்சஸ் தியேட்டர்’ என்னும் நாடக அரங்கை மாக்ஸ் ரைன்ஹார்ட் நடத்தி வந்தார். ஒளியையும் நிழலையும் பெருங்கூட்டத்தின் அசைவையும் கொண்டு ஐரோப்பிய மேடைக்குப் புத்துயிர் ஊட்டிய நெறியாளர் அவர். 1913ஆம் ஆண்டளவில் வைட் அவ்வரங்கிலே சேர்ந்து, சிறுசிறு வேடங்களிலே தோன்றலானார்.

அடுத்த ஆண்டே முதலாம் உலக யுத்தம் மூண்டது. படையிற் சேர்க்கப்பட்ட வைட், கிழக்குப் போர்முனையிலே மஞ்சட் காமாலையாலும் நிமோனியாக் காய்ச்சலாலும் பீடிக்கப்பட்டார். உடல் தேறிய பின்னர், போர்வீரரை மகிழ்விக்கும் நாடகக் குழு ஒன்றிலே நடித்தார். யுத்தத்துக்கு உதவாதவர் என விடுவிக்கப்பட்டு, 1917இல் மீண்டும் ரைன்ஹார்ட்டின் அரங்கை அடைந்தார். படைக்கு உதவாத அந்த உடலே பின்னர் கலைக்குப் பேருதவியாயிற்று.

நிழலோடு நிழலாக

1920ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே பேர்லினில் வெளியான ‘டொக்டர் கலிகாரியின் கூடம்’ என்ற மௌனப் படம் வைட்டின் பெயரை உலகறியச் செய்தது. றொபேட் வீனே நெறிப்படுத்திய இப்படத்திலே வீடுகள் கோணல்மாணலாய்ச் சாய்ந்து நிற்கும். தெருக்கள் வளைந்து நெளியும். நிழல்கள்கூடச் சீலையிலே தீட்டப்பட்டவை. பித்தனொருவனின் மனம் போல அமைந்தது அப்படத்தின் உலகம். கலிகாரி என்னும் கொடியவன், உறக்கத்திலே நடக்கும் சேசாரே என்ற வாலிபனைப் பெட்டியொன்றிலே வைத்துச் சந்தையிலே வேடிக்கை காட்டுகிறான். இரவிலே அவனை ஏவிக் கொலை செய்விக்கிறான். கலிகாரியாக நடித்தவர் வேர்னர் கிராவுஸ். சேசாரேயாக நடித்தவர் வைட். உயர்ந்து மெலிந்த தம் உடலைச் சுவரோடு ஒட்டி, தீட்டிய நிழலோடு தாமும் ஒரு நிழலாக அவர் நகரும் காட்சி இன்றும் காண்போரை உறையச் செய்கிறது.

தான் செய்வது இன்னதென்று அறியாது, பிறன் ஆணைக்கு ஆடும் பாவை சேசாரே. பின்னாளிலே சர்வாதிகாரி ஒருவனின் சொல்லுக்கு ஒரு தேசமே ஆடப்போவதை முன்கூட்டிக் காட்டியது இப்படம் என்று சீக்பிரீட் கிராகவர் என்னும் அறிஞர் 1947இல் வெளியிட்ட நூலிலே வாதிட்டார். அக்கருத்தை எல்லோரும் ஏற்கவில்லை. ஆயினும், அப்படத்திலே சேர்ந்து நடித்த இருவரின் பிற்கால வாழ்வை நோக்குமிடத்து, அவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடவும் இயலவில்லை.

பேச்சு வந்தது, பெருமை குன்றியது

மௌனப் படத்துக்கு மொழியில்லை. ஆதலால் எல்லையும் இல்லை. வைட்டின் புகழ் கடல் கடந்தது. 1920களின் பிற்பகுதியில் அவர் ஹொலிவூட் சென்றார். விக்டர் ஹியூகோவின் நாவலைத் தழுவி 1928இல் வெளியான ‘சிரிக்கும் மனிதன்’ படத்திலே, சிறுவயதில் வாய் அறுக்கப்பட்டு, என்றும் சிரித்த முகத்தோடு வாழ நேர்ந்த ஒருவனாக நடித்தார். உதடுகளை விரித்துப் பிடிக்கும் கருவியொன்றை வாயிற் பொருத்தியிருந்தமையால், கண்களால் மட்டுமே துயரைக் காட்ட வேண்டியிருந்தது. சிரிக்கும் வாயும் அழும் கண்களுமான அம்முகமே, 1940இல் அமெரிக்கச் சித்திரக் கதையிலே தோன்றிய ‘ஜோக்கர்’ என்னும் பாத்திரத்துக்கு ஒரு மூலமாயிற்று.

அவ்வேளையிலே பேசும் படம் வந்தது. வைட்டின் ஆங்கிலம் அன்று ஹொலிவூட்டுக்குப் போதாது. 1929இல் தாயகம் திரும்பினார். தாய்மொழியிலே பேசி நடித்து, முன்னிலும் சிறப்புப் பெற்றார். நடிகனுக்கு மொழி எத்தகைய உயிர்நாடி என்பதை அவர் பட்டறிந்தது இக்காலத்திலேதான். இதனை மனத்திற் கொண்டாலன்றி, நான்கு ஆண்டுகளின் பின் அவர் செய்த தியாகத்தின் அளவை நாம் உணர முடியாது.

ஒரு சொல்

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். கலைத்துறையிலிருந்து யூதர்களை விலக்கும் வேலை உடனே தொடங்கியது. அதே ஆண்டிலே வைட், லில்லி பிராகர் என்னும் யூதப் பெண்மணியை மணந்தார். திரைத்துறையினர் தம் இனத்தைக் குறிப்பிட்டு விண்ணப்பப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. வைட் யூதரல்லர்; கிறிஸ்தவக் குடும்பத்திலே பிறந்தவர். ஆயினும், இனம் என்ற இடத்திலே ‘யூதன்’ என்று அவர் எழுதினார் என அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். மனைவியைக் கைவிட்டிருப்பின், அவருக்கு எல்லா வாய்ப்பும் காத்திருந்தன. அவரோ மனைவியோடு பிரித்தானியாவுக்குப் புறப்பட்டார். எந்த ஆங்கிலத்துக்கு அஞ்சி ஊர் திரும்பினாரோ, அதே ஆங்கிலத்தையே இனித் தம் பிழைப்பாகக் கொள்ளவேண்டிய நிலை.

1934இல், யூத அறிஞர் லியோன் பொயிக்ற்வாங்கர் எழுதிய ‘யூத சூஸ்’ நாவல் இலண்டனிலே படமாக்கப்பட்டது. 1738இல் ஸ்டுட்காட் நகரிலே தூக்கிலிடப்பட்ட சூஸ் ஒப்பன்ஹைமர் என்பவரின் கதை அது. யூதர்மீது இரக்கம் தோன்ற எடுக்கப்பட்ட அப்படத்திலே வைட் கதாநாயகர். அக்காலத்திலே படவேலை ஒன்றுக்காக ஜேர்மனி சென்றிருந்த அவர், அங்கே தடுத்து வைக்கப்பட்டார். அவர் நோயுற்றுள்ளார், பயணஞ்செய்ய இயலாது என்று அதிகாரிகள் கூறினர். இலண்டன் படக் கம்பனி தன் சொந்த வைத்தியரையே அனுப்பிய பின்னர்தான் அவர் வெளியேற முடிந்தது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1940இல், நாசி அரசு அதே கதையை யூத வெறுப்பைப் பரப்பும் படமாக்கியது. அதிலே பல யூதப் பாத்திரங்களை இகழ்ச்சி தோன்ற நடித்துக் காட்டியவர் யார்? முன்னர் கலிகாரியாக நடித்த வேர்னர் கிராவுஸ்! கலைத் திறமையிலே கிராவுஸ் எவருக்கும் இளைத்தவரல்லர். ஒரே படச் சட்டத்துள் நின்ற இருவரையும் இருவேறு கரைகளிலே சேர்த்தது நடிப்பாற்றலன்று, மனச்சாட்சி.

பகைவன் வேடம்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குமுன்பே வைட் பிரித்தானியப் பிரசையாகிவிட்டார். யுத்தம் மூண்டதும் தம் சேமிப்பைப் பிரித்தானிய யுத்த முயற்சிக்கு அளித்தார். 1940இல் வெளியான ‘பாக்தாத் திருடன்’ என்ற வண்ணப் படத்திலே, மைசூரிற் பிறந்த சிறுவன் சாபுவுடன், ஜாபர் என்னும் கொடிய மந்திரியாகத் தோன்றினார். பின்னர் அமெரிக்கா சென்ற அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் நாசி அதிகாரி வேடங்களே. எவரிடமிருந்து தப்பி வந்தாரோ அவராகவே நடிக்க வேண்டியதாயிற்று!

அவற்றுள் தலைசிறந்தது, 1942இல் வெளியான ‘கசபிளாங்கா’ படத்தின் மேஜர் ஸ்ட்ராசர் வேடம். விடுதி ஒன்றிலே ஜேர்மன் அதிகாரிகள் பாடும்போது, ஏனையோர் எழுந்து பிரெஞ்சுத் தேசிய கீதத்தைப் பாடி அவர்களின் குரலை அமிழ்த்தும் காட்சி அதில் உண்டு. அங்கே கூடியிருந்த நடிகருட் பலர் ஐரோப்பாவிலிருந்து மெய்யாகவே ஓடி வந்த அகதிகள். அவர்களின் எதிரே பகைவனாய் நின்ற வைட்டும் அவர்களைப் போன்ற ஓர் அகதியே.

1943ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3ஆந் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே கொல்ப் விளையாடுகையில் மாரடைப்பால் அவர் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 50. ‘கசபிளாங்கா’ ஆண்டின் சிறந்த படமென்று ஒஸ்கார் பரிசு பெற்றதையோ, நாசி ஆட்சி வீழ்ந்ததையோ காண அவர் இருக்கவில்லை. 1998இல் அவரது அஸ்தி, அவருக்குப் புகலிடம் அளித்த இலண்டனிலே சேர்க்கப்பட்டது.

திறமை படைத்தோரைக் காலம் ஒருநாள் கேள்வி கேட்கும். வைட்டைக் கேட்டபொழுது, அவர் தந்த விடை ஒரே சொல். அச்சொல்லுக்காக நாட்டையும் மொழியையும் புகழையும் விலையாகக் கொடுத்தார். பாத்திரங்களிலே பொல்லாதவராய் நடித்தவர், படிவம் நிரப்பிய அந்த நாளிலே நடிக்க மறுத்துவிட்டார். கலை பயிலும் நம் மாணவர் மனங்கொள்ள வேண்டியது இதுவே.