நோய் வந்தால் ஓட்டத்தை நிறுத்த வேண்டுமா? மூத்த வீரர்கள் அறிந்திருக்க வேண்டியவை

எமது சமூகத்தில் அறுபது வயதைக் கடந்த ஒருவருக்கு சீனி வருத்தம் என்றோ, இருதயக் குழாயில் அடைப்பு என்றோ தெரியவந்தால் வீட்டார் முதலில் சொல்வது "இனி ஓய்வாக இருங்கள்" என்பதுதான். அவர் இளமையில் மரதன் ஓடியவராகவோ, இன்றும் வார இறுதியில் ஐம்பது கிலோமீற்றர் சைக்கிள் மிதிப்பவராகவோ இருந்தாலும் ஆலோசனை மாறுவதில்லை. அன்பினால் சொல்லப்படும் இந்த வார்த்தையை அப்படியே கேட்டு உட்கார்ந்துவிட்டால் தசை மெலியும், சீனியின் அளவு ஏறும், மனமும் சோரும். மறுபுறம், நோயை வைத்தியரிடம்கூட முழுமையாகச் சொல்லாமல் பழைய வேகத்திலேயே ஓட நினைப்பவர்களும் எம்மில் உள்ளனர். இவை இரண்டுமே ஆபத்தானவை.

வயதான உடலுக்குப் பயிற்சி பயனளிக்காது என்பது தவறு. பிரான்ஸைச் சேர்ந்த ரொபர்ட் மார்ஷோன் 2012 இல் 100 வயதில் ஒரு மணித்தியாலத்தில் 24.25 கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டினார். 2014 இல், 102 வயதில், அதே நேரத்தில் 26.92 கிலோமீற்றரைக் கடந்தார். இடைப்பட்ட காலத்தில் அவரது உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் ஆற்றல் உயர்ந்திருந்ததை ஆய்வாளர்கள் அளந்து பதிவுசெய்தனர். அவரது பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு இலகுவானது, ஒரு பங்கு மட்டுமே கடினமானது. கனடாவில் வாழ்ந்த எட் விட்லொக் 2003 இல், 72 வயதில், மூன்று மணித்தியாலங்களுக்குள் மரதனை முடித்தார். முழங்கால் உபாதையால் அவர் நீண்ட காலம் ஓடாமல் இருந்ததும் உண்டு. ஆறிய பின்னர் குறுகிய ஓட்டங்களில் தொடங்கி மெதுவாகக் கூட்டினார்.

அதற்காக, கூடக் கூட நல்லது என்று நினைக்கவும் கூடாது. சுவீடனில் நடைபெறும் 90 கிலோமீற்றர் பனிச்சறுக்குப் போட்டியில் பங்குபற்றிய ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோரை ஆராய்ந்தபோது, அதிக தடவைகள் போட்டியை முடித்தவர்களிடமும் வேகமாக முடித்தவர்களிடமும் இருதயத் துடிப்பு ஒழுங்கீனம் கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே நெஞ்சு படபடப்பு, காரணமின்றி வேகம் குறைதல் போன்றவற்றை "வயதுதானே" என்று தள்ளிவிடக் கூடாது.

முதலாவது வேலை பரிசோதனை. நீண்டகால நீரிழிவு உள்ளவர்களுக்கு இருதயத்துக்கு இரத்தம் குறைந்தாலும் நெஞ்சு வலி வராமல் இருக்கலாம். ஆறுதலாகப் படுத்திருந்து எடுக்கும் ஈ.சி.ஜி. சரியாக இருப்பது மட்டும் போதாது. கடினமான பயிற்சிக்கு முன்னர், நடைமேடையில் நடக்கவைத்து எடுக்கும் ஈ.சி.ஜி. தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கண்களையும் பாதங்களையும் பார்த்துக்கொள்வது அவசியம். பாதத்தில் உணர்வு குறைந்தவருக்கு சப்பாத்து உரசிய கொப்புளம் தெரியாது, அதுவே ஆறாத புண்ணாகலாம். ஸ்டென்ட் வைத்தவர்களும் பைபாஸ் செய்தவர்களும் எப்போது, எவ்வளவில் தொடங்குவது என்பதை இருதய வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

அடுத்தது குளிசைகள். பிரஷருக்கும் இருதயத்துக்கும் கொடுக்கப்படும் பீட்டா புளொக்கர் வகை மருந்துகள் நாடித் துடிப்பை ஏறவிடாது. அதனால் 220 இலிருந்து வயதைக் கழித்து நாடியைக் கணக்கிடும் முறை இவர்களுக்குப் பொருந்தாது. பேச்சுதான் நல்ல அளவுகோல்: முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அளவான வேகம், இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் வராவிட்டால் வேகம் அதிகம். இன்சுலின் அல்லது கிளிக்லசைட் போன்றவற்றைப் பாவிப்பவர்களுக்கு ஓட்டத்தின் போதும், அன்றிரவிலும்கூட சீனி திடீரென இறங்கலாம். இன்சுலின் ஏற்றுபவர் தொடங்கும் முன்னர் அளந்து பார்த்து, 90 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் எதையாவது உண்ட பின்னரே புறப்பட வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். லொசார்டன் போன்ற பிரஷர் மருந்தும் சிறுநீரைப் பெருக்கும் மருந்தும் எடுப்பவர், உடல் வலிக்கு டைக்ளோபெனக் அல்லது இபுபுரோபென் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடினால் சிறுநீரகம் பாதிக்கப்படக்கூடும். இரத்தத்தை ஐதாக்கும் மருந்து பாவிப்பவருக்கு சைக்கிளிலிருந்து விழுவது சாதாரண விடயமல்ல. இதற்காக எந்த மருந்தையும் சுயமாக நிறுத்தவும் கூடாது.

எமது நாட்டின் உஷ்ணமும் ஈரப்பதனும் வியர்வையை உலரவிடாது. வயதாகும்போது தாகமும் குறைவாகவே தெரியும். அதிகாலையே உகந்த நேரம். தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. 2002 பொஸ்டன் மரதனில் பரிசோதிக்கப்பட்ட ஓட்டவீரர்களில் 13 வீதமானோரின் இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின் போது எடை கூடுமளவுக்குத் தண்ணீர் குடித்ததே அதற்கு முக்கிய காரணமாகக் கண்டறியப்பட்டது. இருதய பலவீனமோ சிறுநீரக நோயோ உள்ளவர் எவ்வளவு குடிக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும்.

ரமழானில் இது இன்னும் முக்கியம். நோன்பின் பிற்பகலில் நீண்ட ஓட்டம் வேண்டாம். இஃப்தாருக்குப் பின்னர் இலகுவான நடையே போதும், தராவீஹ் தொழுகையும் உடலுக்கு ஓர் அசைவுதான். மருந்தின் அளவையும் நேரத்தையும் ரமழானுக்கு முன்னரே வைத்தியருடன் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நோன்பைத் திறந்துவிட வேண்டும். உயிரைப் பாதுகாப்பதற்கு மார்க்கம் தந்த சலுகையை மறுப்பது வீரமல்ல.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி, இரண்டு நாள் தசைப் பயிற்சி, முதியவர்களுக்கு மூன்று நாள் சமநிலைப் பயிற்சி என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டல். தசைப் பயிற்சியைத்தான் ஓட்டக்காரர்கள் அதிகம் கைவிடுகிறார்கள். ஆனால் விழுந்து இடுப்பெலும்பு முறியாமல் காப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்று, வழமைக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அடுத்த மைல்கல் வரை என்று இழுக்க வேண்டாம். சில நிமிடங்களில் குறையாவிட்டால் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள். தனியே ஓடுபவர் தன் பெயர், நோய், மருந்து, வீட்டுத் தொலைபேசி இலக்கம் எழுதிய அட்டையை வைத்திருப்பது நல்லது.

வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். "ஓடாதீர்கள்" என்பதற்குப் பதிலாக, அடுத்த கிளினிக் நாளில் கூடச் சென்று "இவர் எவ்வளவு தூரம், என்ன வேகத்தில் ஓடலாம்?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். உம்மாவுக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள். எமது வீடுகளில் பெண்களின் நடைப்பயிற்சி பெரும்பாலும் சமையலறையோடு முடிந்துவிடுகிறது. காலையில் கூட நடக்க ஒரு மகளோ பேரனோ முன்வந்தால் அவர்களும் வெளியே வருவார்கள்.