மலர் பேசும் பாஷை

சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையான பின்னும், பழைய புத்தகக் கடைகளில் பொறுமையோடு குனிந்து தேடுகிறவர்களுக்கு எப்போதாவது வாய்க்கின்ற பொக்கிஷங்களுள், சங்க இலக்கியத்தின் செடிகொடிகளைப் பற்றியும் புள்ளினங்களைப் பற்றியும் பி. எல். சாமி அவர்கள் மிகுந்த சிரத்தையோடு எழுதிய இரு நூல்களை நான் முதன்மையாகச் சொல்வேன்.

வெட்சி சூடினால் ஆநிரை கவர்தல், கரந்தை சூடினால் அவற்றை மீட்டல், நொச்சி சூடினால் மதில் காத்தல், வாகை சூடினால் வெற்றி என்று மலரையே யுத்தத்தின் சங்கேதமாகவும், துணையைப் பிரிந்தால் உயிர் தரியாத அன்றிலைக் காதலின் சின்னமாகவும் அமைத்த புலவர்களின் கற்பனா சக்திக்கு, கண்ணால் கண்டு பழகிய இயற்கையே ஆதாரம் என்பதை அந்நூல்களைப் படிக்கிறவர் எளிதில் உணர்வார். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொடுத்த பூக்களோ 99! அவற்றுள் ஒன்றான காந்தளைப் பாருங்கள்: ஆறு இதழ்கள், அடியில் மஞ்சள், நுனியில் செம்மை, காற்றில் அசையும் தீச்சுடரைப் போல ஒவ்வொன்றும் நெளிந்து மேல்நோக்கி வளைந்திருக்கும். பெண்களின் விரலுக்கு அதனை உவமையாக்கிய புலவன் எத்தனை நேரம் அதன் முன் நின்றிருப்பான்!

நேயர்களே, தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. மழைக்காலத்தில் வேலியோரம் அது பூக்கும்போது நீங்களும் சற்று நின்று பாருங்கள்.