ஒரு கடிதம் கொண்டுவந்த லட்சுமி

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் ஒரு லட்சுமி படம் இருக்கிறது. தாமரைப் பூவில் நிற்கும் நாலு கை லட்சுமி. பக்கத்தில் தும்பிக்கையில் மாலையைத் தூக்கிக்கொண்டு ஒரு யானை. புடவைக் கரைக்கு நிஜச் சரிகையும் சமிக்கியும் வைத்து ஒட்டியிருக்கும். "எங்க மாமியாருக்கு அவா மாமியார் கொடுத்தது. நீயும் பத்திரமா வெச்சுக்கோ" என்று சொல்லித்தான் என் மாமியார் என்னிடம் ஒப்படைத்தார். நானும் இருபது வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் குங்குமம் இட்டு வந்தேனே தவிர, அந்தப் படம் எங்கேயிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

போன மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறி, சட்டத்தின் ஓரத்தைக் கரையான் அரித்துவிட்டது. நம்பர் ஒன் பஸ்ஸில் ஏறி, திருச்சி பெரிய கடைவீதிப் பக்கம் கண்ணாடிச் சட்டம் போடும் ஒரு கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

"ரொம்பப் பழசா இருக்கே, பேசாமல் புதுப் படமாவே வாங்கிடட்டுமா?" என்று கேட்டேன்.

கடைக்காரப் பெரியவர் பதில் சொல்லாமல் சட்டத்தைக் கழற்றினார். இத்தனை நாள் மரத்துக்கு அடியில் ஒளிந்திருந்த ஓரத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது: ரவிவர்மா பிரஸ், கார்லா, லோனாவ்லா.

"தூக்கிப் போட்டுடாதீங்க மாமி. இதெல்லாம் இனிமே கிடைக்காது" என்றார்.

அன்று பிடித்த ஆசைதான். என் கணவர் நூலகத்திலிருந்து புத்தகம் கொண்டுவந்தார். கல்லூரியில் படிக்கும் என் பெண் போனில் தேடிக் கொடுத்தாள். சமையல் முடிந்த மத்தியான வேளைகளில் உட்கார்ந்து படித்தேன். நம் பூஜை அறைக்கு லட்சுமி வந்ததற்குப் பின்னால் ஒரு நண்பர் எழுதிய கடிதம் இருக்கிறது என்று தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

கும்பகோணத்துக்காரரும் கிளிமானூர்ப் பையனும்

ரவிவர்மா 1848-ல் கேரளத்துக் கிளிமானூரில் பிறந்தவர். சின்ன வயசிலேயே சுவரெல்லாம் கரியால் படம் போடுவாராம். மாமா ராஜராஜ வர்மாதான் முதல் குரு. 1862-ல், பதினாலு வயசில், மாமா அவரைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனார். மகாராஜா ஆயில்யம் திருநாள் ஆதரித்தார். ஆனால் எண்ணெய் வர்ணத்தில் எழுதுவது எப்படி என்று சொல்லித்தர மட்டும் ஆள் இல்லை. அரண்மனையில் இருந்த மதுரை ராமசாமி நாயக்கர் கற்றுத்தர இசையவில்லை. 1868-ல் வந்த தியோடர் ஜென்சன் என்ற வெள்ளைக்கார ஓவியர், தான் எழுதும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தாராம். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார் பையன்.

அப்போது திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர் சர் டி. மாதவராவ். நம் கும்பகோணத்தில் 1828-ல் பிறந்தவர்; ரவிவர்மாவைவிட இருபது வயசு பெரியவர். 1858 முதல் 1872 வரை அங்கே திவான் வேலை பார்த்தார். இன்றைக்கும் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே அவர் சிலை நிற்கிறது. அந்த இடத்துக்கே 'ஸ்டாச்யூ' என்றுதான் பெயர்.

நாற்பது மைல் தள்ளிப் போனாலே நம்மை மறந்துவிடும் மனிதர்கள் உண்டு. மாதவராவ் இந்தூர் போனார், அப்புறம் 1875-ல் பரோடாவுக்கே திவானாகப் போனார். அந்தப் பையனை மறக்கவில்லை. அதற்குள் பையனும் வளர்ந்து, 1873-ல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கிவிட்டார். பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் பெயர் கொடுத்தாரே, அந்தக் கவர்னர் பிரபுவையே எதிரில் உட்கார வைத்து உருவப்படம் எழுதினார். மாதவராவ் பரோடாவில் இவரைப் பற்றி எடுத்துச் சொல்ல, 1881-ல் இளைய மகாராஜா சயாஜிராவ் பதவியேற்ற சமயம் ரவிவர்மாவுக்கு அங்கிருந்து அழைப்பு வந்தது. மகாராணி யார் தெரியுமோ? நம் தஞ்சாவூர்ப் பெண்தான்! பிற்பாடு 1888-ல் அதே மகாராஜா, புராணக் காட்சிகளாகப் பதினாலு படங்கள் வேண்டும் என்று கேட்டு எழுதவைத்தார்.

இரண்டே கைதானே!

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். 1884-ஆம் வருஷம். மாதவராவ் வேலையிலிருந்து ஓய்வுபெற்று மயிலாப்பூருக்கு வந்துவிட்டார். ரவிவர்மாவுக்கோ மூச்சுவிட நேரமில்லை. ராஜாக்களும் ஜமீன்தார்களும் உருவப்படம் எழுதித் தரச்சொல்லி வரிசையில் நின்றார்கள். அந்தச் சமயத்தில் மாதவராவ் எழுதிய கடிதத்தின் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன்.

உங்கள் படம் வேண்டும் என்கிற நண்பர்கள் நிறையப் பேர். உங்களுக்கு இருப்பதோ இரண்டே கை. எல்லோருக்கும் எழுதிக் கொடுத்து மாளுமா? நல்லதாகச் சில படங்களைப் பொறுக்கி ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சடித்து வாங்குங்கள். உங்களுக்கும் பேர் வரும், நாட்டுக்கும் உபகாரம் செய்தது போல இருக்கும்.

அவ்வளவுதான். நாலு வரி யோசனை. ஆனால் அந்த நாலு வரி எவ்வளவு தூரம் போயிற்று என்று பாருங்கள்.

ரவிவர்மா உடனே ஒன்றும் செய்துவிடவில்லை. பத்து வருஷம் ஆயிற்று. சொன்னபடியே ஐரோப்பாவுக்கு அனுப்பாமல், 1894-ல் பம்பாயில் சொந்தமாக அச்சகமே வைத்துவிட்டார். ஜெர்மனியிலிருந்து மெஷினும் ஆட்களும் வந்தார்கள். ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித்தனியாக ஒரு கல். அந்த வர்ணம் வரவேண்டிய இடத்தை மட்டும் கல்லில் வரைந்து, மை தடவி, ஒரே காகிதத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட வேண்டும். ஒரு கல் மயிரிழை நகர்ந்தாலும் லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும்! கடைசியில் வார்னிஷ் பூசினால் எண்ணெய் வர்ணப் படம் போலவே பளபளக்கும்.

அரண்மனைச் சுவரில் இருந்த படம் அப்படித்தான் நம் வீட்டுச் சுவருக்கு வந்தது. கோயில் வாசலைத் தாண்ட அனுமதி இல்லாத ஜனங்கள் அன்று எத்தனையோ லட்சம். திருவிதாங்கூரில் எல்லா இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்துவிட்டது 1936-ல்தான். அதற்கு நாற்பது வருஷம் முன்பே, காகிதத்தில் அச்சான லட்சுமியும் சரஸ்வதியும் யார் வீடு என்று பார்க்காமல் உள்ளே வந்துவிட்டார்கள். மாதவராவ் சொன்ன உபகாரம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

லாபமா, நஷ்டமா?

யோசனை நல்லதுதான், ஆனால் ஓவியருக்குப் பணம் சேரவில்லை. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. அச்சகத்தை லோனாவ்லா பக்கம் மாற்றினார்கள். வரவுக்குமேல் செலவு. கடைசியில் ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரருக்கு விற்கவேண்டி வந்தது. "காலண்டர் படம்" என்று கேலி செய்தவர்களும் உண்டு. வேலையில் கூடவே இருந்து உதவிய தம்பி ராஜராஜ வர்மா 1905-ல் காலமானார். மறுவருஷம் அக்டோபர் 2-ல் ரவிவர்மாவும் போய்விட்டார். அச்சகம் மட்டும் பல வருஷம் ஓடி, 1972-ல் தீப்பிடித்து அழிந்தது.

இதில் என் மனசைத் தொட்டது ஒன்று. மாதவராவ் 1891-லேயே காலமாகிவிட்டார். தன் யோசனையில் பிறந்த ஒரு படத்தைக்கூட அவர் கண்ணால் பார்க்கவில்லை. கடிதம் மட்டும் தங்கியது. அது தங்கியதால்தான் இந்தக் கதை நமக்குத் தெரிகிறது. தம்பி ராஜராஜ வர்மா எழுதிவந்த டயரியும் அப்படியே பிழைத்து, 2005-ல் புத்தகமாக வந்திருக்கிறது.

நான் செய்த தப்பு

இதையெல்லாம் படிக்கும்போது எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமான புதிதில் என் அப்பா வாராவாரம் எனக்கு இன்லண்ட் லெட்டர் போடுவார். ஒரு பை நிறைய வைத்திருந்தேன். வீடு மாற்றும் அவசரத்தில் பழைய பேப்பரோடு சேர்த்து அதையும் எடைக்குப் போட்டுவிட்டேன். அப்பா இறந்தபிறகு ஒருநாள் என் பெண் கேட்டாள்: "அம்மா, தாத்தா கையெழுத்து எப்படி இருக்கும்? காட்டேன்."

காட்ட ஒன்றும் இல்லை.

இந்தக் கட்டுரைக்காகப் படிக்க ஆரம்பித்த பிறகு, லால்குடியில் இருக்கும் அத்தைக்குப் போன் செய்து கேட்டேன். அத்தை வீட்டில் அந்தக்கால வழக்கப்படி கடிதங்களைக் கம்பியில் குத்தி வைப்பார்கள். பரணில் தேடி, அப்பா எழுதிய ஒரே ஒரு கார்டை எடுத்துக் கொடுத்தார். நடுவில் கம்பி போன ஓட்டை. அதில் அப்பா எழுதியிருந்தார்: மழை இல்லை, கிணறு வற்றிவிட்டது. பெரியவள் இன்று முதல்முதலாகத் தனியே சமைத்தாள். ரசத்தில் உப்பு இல்லை. நான் சொல்லவில்லை.

பெரியவள் நான்தான். அன்று அப்பா "பேஷ்" என்று சொல்லி இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பாதுகாக்கச் சில வழிகள்

* கடிதத்தில் குண்டூசி, ஸ்டேப்ளர் முள் இருந்தால் எடுத்துவிடுங்கள். துருப்பிடித்துக் காகிதத்தை அரிக்கும்.
* கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் மஞ்சள் கறை ஏறிவிடும்.
* மடிப்பைப் பிரித்து, துவைத்த பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும்.
* பழைய படங்களை லாமினேஷன் செய்யவே கூடாது. செய்தால் திரும்பப் பிரிக்க முடியாது.
* படம் கண்ணாடியில் ஒட்டாதபடி நடுவில் அட்டை வைத்துச் சட்டம் போடச் சொல்லுங்கள். குங்குமத்தைக் கண்ணாடிமேல் இடுங்கள். விளக்குப் புகையும் ஓதச் சுவரும் படத்துக்கு ஆகாது.
* யார், யாருக்கு, எந்த வருஷம் எழுதியது என்று ஒரு சீட்டில் பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள். போனில் ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லட்சுமி இப்போது புதுச் சட்டத்தில், ஓதம் இல்லாத சுவரில் இருக்கிறாள். பழைய சரிகையைப் பிரிக்கவில்லை. ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் எந்தப் பாட்டி உட்கார்ந்து ஒட்டினாரோ! அப்பாவின் கார்டு துணியில் சுற்றி அதே அலமாரியில் இருக்கிறது. ஹாஸ்டலில் இருக்கும் என் பெண்ணுக்கு மாதம் ஒரு கடிதம் போடுகிறேன். "என்னம்மா, போன்ல சொல்லக்கூடாதா?" என்று சிரிக்கிறாள். ஆனால் போன தடவை அவள் ஊருக்கு வந்தபோது பெட்டியைத் திறந்து பார்த்தேன். எல்லாக் கடிதத்தையும் அடுக்கி வைத்திருக்கிறாள்.