பின்னச்சின் நோய்க்குறிகள்

மோட்டார் வண்டியின் திசையைத் தீர்மானிப்பன முன்சில்லுகளே என்பது பொதுவாக யாவரும் கொண்டுள்ள எண்ணம். அது முழு உண்மையன்று. பின்சில்லுகளைத் தாங்கும் அச்சின் ஒரு முனை தனக்குரிய இடத்தினின்றும் கால் அங்குலம் விலகினாலும், வண்டி ஓட்டுபவரின் கையை மதியாது தான் நினைத்த பக்கம் நாடத் தொடங்கும். மெல்லச் செல்லும் வண்டியில் இதனைப் பலர் உணரார். விரைந்து செல்வதற்கென்றே வாங்கப்படும் ஸ்போர்ட்ஸ் காரில், அதிலும் பல கை மாறிய பழைய காரில், மழைநாள் வளைவொன்றின் நடுவே இக்குறை வெளிப்படுமாயின் உயிருக்கே ஊறு நேரும்.

தமிழாசிரியர் அச்சையும் ஆணியையும் பற்றி எழுதுவதா எனச் சிலர் வியக்கலாம். நாம் பல ஆண்டுகளாக மொறிஸ் மைனர் வண்டியொன்றோடு வாழ்ந்து வருகின்றோம். அவ்வண்டியை வைத்திருப்பவர் அரை மெக்கானிக் ஆகாமல் இருத்தல் அரிது. எம்மிடம் பயின்று இப்போது இங்கிலாந்திலே வாழும் ஒருவர் பழைய எம். ஜி. பி. கார் ஒன்றை வாங்கினார். வளைவிலே அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தவுடன் வண்டியின் பின்புறம் விலகித் துள்ளுகின்றது என்று எமக்கு எழுதினார். அங்குள்ள கராஜ் ஒன்றில் முதலிலே நான்கு புது ரயர்களும், பின்னர் இரண்டு புது ஷொக் அப்சோபர்களும் பூட்டினராம். பணம் நீங்கிற்று, நோய் நீங்கவில்லை. அவருக்கு நாம் எழுதிய மறுமொழியே இங்கு விரிந்து கட்டுரையாகின்றது. கடல் கடந்து வாழும் எமது பழைய மாணவர்களுள் இத்தகைய வண்டிகளில் ஆசை கொண்டோர் வேறு சிலரும் உளர் என அறிவோம்.

எம். ஜி. பி. கார் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரிலே செய்யப்பட்டது. ஐந்து இலட்சத்துக்கு மேல் வெளிவந்தமையால் இன்றும் அது தேடிப் பெறக்கூடிய வண்டியாகவே இருக்கின்றது. அதன் உடலமைப்பு அக்காலத்துக்குப் புதிதாயினும் பின்புறம் மிகப் பழைய முறையிலேயே அமைந்தது. இரு சில்லுகளையும் ஒரே விறைத்த அச்சு இணைக்கின்றது. அச்சின் ஒவ்வொரு முனையும் ஒரு தகட்டு ஸ்பிரிங்கின் நடுப்பகுதியிலே யூ வடிவப் போல்ற்றுகளாற் கட்டப்பட்டுள்ளது. ஸ்பிரிங்கின் முன்முனையில் உள்ள கண், இறப்பர் புஷ் ஒன்றின் வழியாக வண்டியின் உடலோடு பிணைந்திருக்கும். பின்முனையோ, ஸ்பிரிங் நீண்டு குறுகுவதற்கு இடங்கொடுக்கும் ஆடு தகடுகளிலே தொங்கும். 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரின் பின்புறமும் இவ்வகையினதே. ஆகவே இங்கு கூறுவனவற்றுட் பல, யாழ்ப்பாணத் தெருக்களில் இன்றும் ஓடும் மைனர்களுக்கும் பொருந்தும்.

இவ்வமைப்பிலே ஸ்பிரிங்குகளுக்கு இரட்டைப் பணி. வண்டியின் பாரத்தைத் தாங்குவதோடு, அச்சு முன்னும் பின்னும் பக்கமும் நகராதபடி பிடித்திருப்பனவும் அவையே. அதற்கென வேறு கைகள் இல்லை. சில்லு தெருவை உதைத்துப் பெறும் உந்துவிசை, ஸ்பிரிங்கின் முன்பாதி வழியாகச் சென்று முன்கண்ணிலுள்ள இறப்பர் புஷ்ஷைத் தள்ளியே வண்டியை முன்செலுத்துகின்றது. பிறேக் பிடிக்கும்போது அதே புஷ் பின்னோக்கி இழுபடுகின்றது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் இறப்பர்த் துண்டின் மேல் இத்தனை பொறுப்புச் சுமத்தப்பட்டுள்ளது.

ஒரு பெயர்ச்சொல் தனித்து நின்றால் அஃது எழுவாயோ செயப்படுபொருளோ என்று சொல்ல இயலாது. முடிக்குஞ் சொல்லை நோக்கியே துணிகின்றோம். 'பின்புறம் ஆடுகின்றது' என்னும் முறைப்பாடும் அத்தகையதே. எதைச் செய்யும்போது ஆடுகின்றது என்பது தெரியாமல் எந்தப் பாகத்திலும் கை வைத்தல் கூடாது. வேகம் கொடுக்கும்போதா, காலை எடுக்கும்போதா, பள்ளத்தில் விழும்போதா, நேர்த்தெருவில் ஒரே சீராகச் செல்லும்போதா? இவ்வினாவுக்கு விடை கிடைத்தால் வேலையிற் பாதி முடிந்தது.

வேகம் கொடுக்கையில் ஒரு பக்கமும், காலை எடுக்கையில் மறுபக்கமும் வண்டி நாடுமாயின் முன்கண் புஷ்ஷை முதலில் ஐயுறுக. இதன் காரணம் எளிது. இடப்பக்கப் புஷ் தேய்ந்து தளர்ந்துவிட்டது என்று கொள்வோம். அக்சிலேற்றரை அழுத்தியதும் இடச்சில்லு வலச்சில்லைக் காட்டிலும் சற்று முன்னே தள்ளப்படும். அச்சுக் கோணலாகிப் பின்சில்லுகள் வலப்பக்கம் நோக்கும். எனவே பின்புறம் வலப்பக்கம் ஒதுங்க, வண்டியின் மூக்கு இடப்பக்கம் திரும்பும். காலை எடுத்தால் யாவும் எதிர்மாறாக நிகழும். அதாவது, வேகம் கொடுக்கும்போது வண்டி எப்பக்கம் இழுக்கின்றதோ அப்பக்கத்துப் புஷ்ஷே பெரும்பாலும் பழுதானது. வளைவின் நடுவே அஞ்சிக் காலை எடுப்பது மனித இயல்பாதலின், மிக வேண்டாத வேளையிலேயே இக்கோணல் நிகழ்கின்றது. எமது மாணவரின் வண்டியில் இருந்தது இதுவே. நான்கு ரயர்களின் விலையோடு ஒப்பிட்டால் ஒரு சோடிப் புஷ் மிகச் சிறு செலவு.

இதனைச் சோதிக்கும் முறையையும் கூறுவோம். வண்டி தன் சில்லுகளின் மேலேயே சமதரையில் நிற்க, எஞ்சினை நிறுத்தி, சில்லுகளுக்கு ஆப்பு வைத்துவிட்டு, ஸ்பிரிங்கின் முன்கண்ணை மின்விளக்கு ஒளியிலே பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும். இறப்பர் பிதுங்கி வெளிவந்திருத்தலும், கண் தன் தாங்கியின் ஒரு சுவரை ஒட்டி மறுபக்கம் இடைவெளி விட்டிருத்தலும் வெளிப்படையான குறிகள். பின்னர்ச் சிறிய அலவாங்கு ஒன்றைக் கண்ணுக்கும் தாங்கிக்கும் இடையே வைத்து மெல்ல நெம்பினால், நல்ல புஷ் விறைத்து நிற்கும், கெட்டது வழிவிடும். வண்டியைத் தூக்கவேண்டி வந்தால் ஜக்கு ஒன்றை மட்டும் நம்பி எவரும் அதன் கீழே புகுதல் கூடாது. உறுதியான தாங்குகால்களில் அதனை இருத்திய பின்னரே தலையைக் கீழே கொடுக்கவேண்டும். புதுப் புஷ் போடுவோர் பலர் செய்யும் தவறு ஒன்றுண்டு. சில்லுகள் அந்தரத்திலே தொங்கும்போதே கண்ணின் போல்ற்றை முழுதும் இறுக்கிவிடுகின்றனர். வண்டியை இறக்கியதும் இறப்பர் முறுக்குண்டு, முறுக்குண்டபடியே வாழ்ந்து, விரைவிற் கிழிந்துபோகும். வண்டியின் பாரம் சில்லுகளின் மேல் வந்த பின்னரே இறுதியாக இறுக்குதல் வேண்டும்.

வேகம் கொடுப்பினும் விடுப்பினும் வண்டி ஒரே பக்கமே நாடி, நேர்த்தெருவிலும் ஸ்ரியறிங்கைச் சற்றுத் திருப்பியே பிடிக்கவேண்டி வருமாயின், அச்சு நிலையாகவே இடம்பெயர்ந்திருக்கலாம். ஸ்பிரிங் தகடுகளை ஒன்றாகக் கோக்கும் நடுப்போல்ற்றின் தலை, அச்சின் அடியிலுள்ள துளையிற் பொருந்தி அதன் இடத்தைக் காக்கின்றது. யூ போல்ற்றுகள் தளர்ந்தால் பாரம் முழுவதும் இச்சிறு தலையின் மேல் விழும்; அது முறிந்தால் அச்சு ஸ்பிரிங்கின் மேல் வழுக்கும். இரு பக்கத்தும் முன்சில்லின் நடுவுக்கும் பின்சில்லின் நடுவுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து ஒப்பிடுக. முன்சில்லுகள் நேராக நிற்றல் இதற்கு இன்றியமையாதது. எம். ஜி. பி. காரில் அத்தூரம் 91 அங்குலம். இரு பக்கமும் ஒத்திருத்தலே முக்கியம். அளவுநாடா இல்லாதவர், சிறிது நீர் தேங்கிய நேர்த்தெருவிலே ஓட்டிச் சென்று ஈரச் சுவடுகளைப் பார்க்கலாம். இவ்வண்டியின் முன், பின் சில்லுகளின் அகலம் ஏறக்குறைய ஒன்றேயாதலால் பின்சுவடு முன்சுவட்டின் மேலே விழவேண்டும். ஒரு புறமாக விலகி விழுந்தால் அச்சோ உடலோ கோணலானது.

பள்ளந்திட்டியான வளைவில் மட்டும் பின்புறம் தத்தித் தத்திப் பக்கமாக ஒதுங்குமாயின் ஷொக் அப்சோபரை நோக்கவேண்டும். இவ்வண்டியில் உள்ளது குழாய் வடிவினதன்று. எண்ணெய் நிரம்பிய பெட்டியும் அதனின்று நீளும் கையும் கொண்ட பழைய ஆம்ஸ்ரோங் வகை. வண்டியின் மூலையை அழுத்தி விட்டுப் பார்க்கும் சோதனையைப் பலரும் அறிவர். ஆனால் தகட்டு ஸ்பிரிங் உள்ள வண்டியில் அஃது ஏமாற்றவும் கூடும். துருப்பிடித்த தகடுகள் ஒன்றோடொன்று உராய்ந்து ஆட்டத்தைத் தாமே அடக்கிவிடும்; அப்சோபர் செத்திருந்தாலும் வண்டி ஒருமுறை எழுந்து நின்றுவிடும். அப்சோபரின் கையை அச்சினின்றும் கழற்றி, மேலும் கீழும் அசைத்துப் பார்த்தலே ஐயந்தீர்க்கும் வழி. இரு திசையிலும் சீரான எதிர்ப்பு இருத்தல் வேண்டும். இடையில் ஓரிடத்தில் வெறுமையாக விழுந்தால் எண்ணெய் குறைந்தது அல்லது உள்ளே தேய்ந்தது. கையின் சுழலச்சைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருப்பின், எண்ணெய் ஊற்றுவது சில நாள் மருந்து மட்டுமே.

வண்டி பின்னால் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதைக் கண்டவுடன் பின்ஸ்பிரிங்கை மாற்றச் சொல்வோர் பலர். முன்ஸ்பிரிங் தளர்ந்தாலும் பின்புறம் சாயும். முன்புறத்தைச் சரி நடுவிலே ஜக்கால் உயர்த்துக. அப்போது பின்புறம் நிமிர்ந்தால் குற்றம் முன்னே. சாய்வு நீங்காவிடிற் பின்னே. பின்ஸ்பிரிங்கை மாற்றுவதாயின் சோடியாகவே மாற்றுதல் நன்று.

பாரமெடுக்கும்போதும் பிறேக் பிடிக்கும்போதும் பின்னால் 'டக்' என்று ஓசை கேட்டால் புஷ் என்றே முடிவு செய்யவேண்டாம். கம்பிச் சில்லுகள் பூண்ட வண்டியாயின், சில்லைக் குடத்தோடு பிணைக்கும் பற்கள் தேய்ந்திருக்கலாம். ஒருவர் பிறேக்கை அழுத்திப் பிடிக்க, தரையினின்றும் உயர்த்திய சில்லை மற்றவர் முன்னும் பின்னும் சுழற்ற முயலட்டும். குடம் அசையாது சில்லு மட்டும் அசைந்தால் பற்கள் போய்விட்டன. இஃது ஓசையோடு நிற்கும் குறையன்று. இறுதியிற் சில்லு குடத்தைப் பற்றாமலே சுழலும்.

ரயர்களைப் பற்றி இரண்டு சொல். 2000ஆம் ஆண்டு முதற் செய்யப்பட்ட ரயர்களின் பக்கத்திலே நான்கு இலக்கங்கள் காணப்படும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். அரிதாக ஓடும் வண்டிகளில் பூக்கள் புதிதாகத் தோன்றினும் இறப்பர் முதிர்ந்து கல்லாகியிருக்கும். பழைய குறுக்கிழை ரயர்களைப் பின்னும் ரேடியல் ரயர்களை முன்னும் பூட்டுவது பேராபத்து. முன்புறம் தெருவைப் பற்றப் பின்புறம் கைவிடும்.

இதுகாறும் கூறியவை தேய்வினால் வரும் நோய்கள். பிறவிக் குணங்களும் சில உள. 1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்கச் சட்டங்களுக்கு இயைய எம். ஜி. பி. காருக்குக் கரிய பெரும் பம்பர்களைப் பூட்டி, வண்டியையும் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் உயர்த்தினர். உயர்ந்த வண்டியில் அச்சு ஸ்பிரிங்கின் முன்கண்ணைவிடத் தாழ்ந்து நிற்கும். வளைவில் உடல் சாயும்போது வெளிப்பக்கச் சில்லு மேலெழுந்து சற்றுப் பின்னும், உட்பக்கச் சில்லு தாழ்ந்து சற்று முன்னும் நகர, அச்சுத் தானே திரும்பிப் பின்புறத்தை வெளியே தள்ளும். 1976ஆம் ஆண்டில் முன்னும் பின்னும் சாய்வைத் தடுக்கும் உருக்குக் கம்பிகளைச் சேர்த்து இக்குறையைக் குறைத்தனர். இடைப்பட்ட ஆண்டுகளின் வண்டியை வாங்குபவர், புஷ் யாவும் புதிதாயிருந்தும் வளைவில் அது நிலைகொள்ளாதிருந்தால் வியக்கவேண்டியதில்லை. பழைய வண்டியில் மிகையாக வளைந்த புது ஸ்பிரிங்குகளைப் போட்டுப் பின்புறத்தை உயர்த்திவிட்டு, அதே நோயை விலைகொடுத்து வாங்குவோரும் உளர்.

1962இல் வெளிவந்த திரையம்ப் ஸ்பிற்பயரின் பிறவிக் குணம் இன்னும் கடியது. அதன் பின்சில்லுகள் நடுவிலிருந்து சிறகுபோல் அசையும் அரையச்சுகளில் நின்றன. வளைவிலே திடீரெனக் காலை எடுத்தால் பின்புறம் மேலெழ, வெளிச்சில்லு அடிப்பக்கம் உள்நோக்கி மடிந்து பிடியை இழக்கும். 1970இல் வந்த நான்காம் மாதிரியில் ஸ்பிரிங்கை நடுவில் ஊசலாடவிட்டு இதனைப் பெரிதும் தணித்தனர். முதல் மாதிரிகளில் எத்தனை புதுப் பாகம் போட்டாலும் இக்குணம் போகாது. ஓட்டுபவரே அதற்கேற்பப் பழகுதல் வேண்டும்.

வாங்குவதற்கு முன் காணவேண்டியது இன்னுமொன்று உண்டு. எம். ஜி. பி. காருக்குத் தனியான சட்டம் கிடையாது. ஸ்பிரிங்கைத் தாங்கும் இடங்களும் உடலின் தகடுகளே. கதவின் கீழ்ப்பகுதியில் தொடங்கும் துரு அவ்விடங்களையும் அரிக்கும். ஸ்பிரிங்கின் முன்தாங்கியையும் பின்தாங்கியையும் சுற்றிச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கவேண்டும். கணீரென்றால் நல்லது. மந்தமான ஓசையோடு மண்ணிறப் பொடி உதிர்ந்தாலும், தடித்த கரும்பூச்சு மட்டும் அங்கே புதிதாகப் பளபளத்தாலும், விற்பவர் எவ்வளவு விலை குறைத்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருக. புஷ்ஷையும் ஸ்பிரிங்கையும் மாலை நேரத்தில் மாற்றிவிடலாம். அவற்றைப் பூட்டுவதற்கு இரும்பு இருக்கவேண்டும்.